ஆலைக் கழிவில் வளரும் காப்பி நாற்று

தொப்பூரில் காப்பி விளைவதில்லை. கணவாயின் வறண்ட கரடுகளும், கோடையின் அனற்காற்றும், தாழ்ந்த நிலமட்டமும் அச்செடிக்கு ஒவ்வாதவை. அவ்வாறிருக்கக் காப்பி நாற்றைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குத் தென்கிழக்கே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில் காப்பி விளைகிறது. நம் தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே வத்தல்மலையில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே அது விளைகிறது. சேர்வராயன் மலையில் ஊறும் ஓடைகள் ஒன்றுகூடித் தொப்பையாறாகி, நம் அணையில் தங்கி, பின்னர் காவிரியை அடைகின்றன. மலைத் தோட்டத்து மண்ணுக்கு என்ன நேர்ந்தாலும் அதன் பலன் என்றேனும் ஒரு நாள் நம் அணையின் அடியில் வந்து படியும்.

இன்னொரு காரணமும் உண்டு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் கணவாய் வழியே ஏறி இறங்குகிறது. மேட்டூர், பவானி, ஈரோடு செல்லும் சாலையும் இங்கிருந்தே பிரிகிறது. தென்னை நார், சவ்வரிசி, நூல், சர்க்கரை, சிமெண்டு, சாம்பல் என்று ஆலைகளுக்குப் போகும் சரக்கும் ஆலைகளிலிருந்து வரும் சரக்கும் நம் கண்முன்னே செல்கின்றன. அவற்றுள் காப்பி நாற்றுக்கு நல்ல மண்ணாகக் கூடிய கழிவும் உண்டு. நாற்றையும் நிலத்தையும் ஒருங்கே கெடுக்கக் கூடிய கழிவும் உண்டு. கழிவுப் பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்ற பேச்சு எங்கும் கேட்கப்படும் இந்நாளில், எது எத்தகையது என்பதை உழவரும் நெசவாளரும் சேர்ந்தே அறிந்து கொள்வது நலம். ஏனெனில் ஒருவர் வீட்டுக் கழிவு மற்றவர் வயலுக்குப் போகக் கூடும்.

முதலில் நாற்றங்கால் முறையைச் சற்று நினைவுகூர்வோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பியை நட்டார் என்பர். அன்று தொட்டு இம்மலைகளில் நாற்று விடும் முறையில் பெரிய மாறுதல் ஏற்பட்டுவிடவில்லை. மூங்கிற் கூடை போய்ப் பாலித்தீன் பை வந்தது, அவ்வளவே. மார்கழி, தை மாதங்களில், அதாவது டிசம்பர், ஜனவரியில், விதையைப் பாத்தியில் தட்டைப் பக்கம் கீழாக வைத்து, மெல்லிய மண் தூவி, வைக்கோல் பரப்பி நீர் தெளிப்பார்கள். காப்பி விதை சோம்பேறி விதை. முளை காட்டச் சுமார் நாற்பத்தைந்து நாட்களாகும். முளைத்த தண்டின் தலையில் விதை அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும் பருவத்துக்குப் பொத்தான் நிலை என்று பெயர். விதையிலைகள் விரிந்தபின் தொப்பி நிலை. இவ்விரு பருவங்களுக்குள் நாற்றைப் பிடுங்கிப் பையில் நட வேண்டும். ஆணிவேர் மடங்கி நட்டால் அச்செடி ஆயுளுக்கும் தேறாது என்பது தோட்டத்தார் அனைவரும் அறிந்ததே.

பையில் நிரப்பும் மண்தான் இன்று நாம் பேச வந்த பொருள். ஆறு பங்கு காட்டு மண், இரண்டு பங்கு நன்கு மக்கிய தொழுஎரு, ஒரு பங்கு மணல் என்பது காப்பித் தோட்டங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. வழக்கமான பை 23 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது. நிரப்பினால் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. அராபிகா இனத்தை ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கருக்கு 1,210 செடிகள். பெருக்கிப் பாருங்கள். ஓர் ஏக்கர் காப்பி நடுவதற்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை டன் மண் பைகளுக்குள் போகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு காட்டு மண்.

அந்தக் காட்டு மண் எங்கிருந்து வருகிறது? சோலைக் காட்டு மரங்களின் அடியில், உதிர்ந்த இலை மக்கி மக்கிச் சேர்ந்த கறுத்த மேல்மண் அது. ஓர் அங்குலம் சேர நூற்றாண்டுகள் வேண்டும். மண்வெட்டிக்கோ ஒரு நாழிகை போதும். மேல்மண்ணைச் சுரண்டிய சரிவில் அடுத்த மழையிலேயே நீர் மண்ணை அரித்துக் கொண்டு ஓடும். காப்புக்காட்டில் மண் எடுப்பது சட்டப்படி குற்றம். சொந்தத் தோட்டத்தில் எடுப்பது குற்றமன்று எனினும், தன் கையால் தன் வயிற்றை வெட்டிக்கொள்வதற்கு அது ஒப்பாகும். மேலும் காட்டு மண்ணோடு வேண்டாத விருந்தாளிகளும் வருவதுண்டு. காப்பி வேரைத் துளைத்து வாழும் நூற்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரு பையின் மண்ணில் அவை இருந்தால் நாற்றோடு தோட்டத்துக்குக் குடியேறி, இளஞ்செடியை நாலைந்து ஆண்டுகளில் பட்டுப்போகச் செய்யும்.

ஆகவே காட்டு மண்ணுக்கு மாற்றாக வேறு பொருள் தேடுவது காசு மிச்சம் பிடிக்கும் யோசனையோடு நின்றுவிடும் காரியமன்று. மலையையும் அணையையும் காக்கும் யோசனையும் அதில் அடங்கியிருக்கிறது.

தென்னைநார்க் கழிவு

மாற்றுப் பொருள்களில் முதலிடம் பெறத் தக்கது தென்னைநார் ஆலைகளில் நாரைப் பிரித்தபின் எஞ்சும் நார்த்தூள். தேங்காய் மட்டையில் நாரைவிட இத்தூளே அதிகம். ஒரு கிலோ நார் எடுத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் தூள் விழும். பொள்ளாச்சிப் பக்கம் மட்டை மில்களின் வாயிலில் இது குன்று குன்றாகக் கிடந்ததையும், தீ வைத்துக் கொளுத்தப்பட்டதையும் பார்த்தவர் பலர். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. காவேரிப்பட்டினம், அரசம்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் மட்டையிலிருந்தும் இது கிடைக்கிறது.

இதை மண்ணாகப் பயன்படுத்துவது புதுமையென்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் கப்பலில் வந்த மட்டைத்தூளைத் தொட்டிகளில் இட்டுச் செடி வளர்த்தனர். பிறகு அது மறக்கப்பட்டது. அந்நாட்டார் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் பீட் என்ற பாசிக்கரி மண் குறைந்து வருவதையும், அதனால் சதுப்புகள் அழிவதையும் உணர்ந்த பிறகு, 1980களின் இறுதியிலிருந்து இந்தியாவிலும் இலங்கையிலும் குப்பையாகக் கிடந்த இத்தூளை மறுபடி தேடத் தொடங்கினர். இப்போது அது செங்கல்லைப்போல் அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. நம் பக்கத்திலேயே ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு வட்டாரங்களில் தக்காளி, கோசு நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விற்பதைக் காண்கிறோம். அத்தட்டுகளில் நிரப்பப்படுவது பெரும்பாலும் மக்கிய நார்த்தூளே. தக்காளி நாற்று இருபத்தைந்து நாள் வாழும் தட்டில் வெற்றி கண்ட பொருள், காப்பி நாற்று பல மாதங்கள் வாழும் பையிலும் வெற்றி காணுமா என்பதே நம்முன் உள்ள வினா. காணும், ஆனால் அப்படியே அள்ளிப் போட்டால் காணாது.

ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். பச்சை நார்த்தூளில் கரிச்சத்து மிக அதிகம். தழைச்சத்து மிகக் குறைவு. தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து 112 பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கரிச்சத்தைத் தின்று பெருகும்போது அவற்றுக்குத் தழைச்சத்தும் வேண்டும். தூளில் அது இல்லையென்றால் பக்கத்தில் உள்ள எருவிலிருந்தும் மண்ணிலிருந்தும் எடுத்துக் கொள்ளும். நாற்றின் பங்கு பறிபோகும். விருந்துக்கு வந்த கூட்டம் வீட்டுப் பிள்ளையின் சோற்றை உண்டுவிடுவது போலத்தான். பச்சைத் தூளில் நட்ட நாற்று நீரும் வெயிலும் குறைவின்றி இருந்தும் மஞ்சளித்து நிற்பதற்குக் காரணம் இதுவே. இதற்கு மேல் தூளில் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் உண்டு. ஊறவைத்தால் நீர் செந்நிறமாக இறங்குவது அதனால்தான். இளவேருக்கு அது பகை. கடற்கரைக் காயல்களில் ஊறிய மட்டையின் தூளாயின் உப்பும் சேர்ந்திருக்கும். நம் உள்நாட்டுத் தூளில் அவ்வளவு உப்பு இராதெனினும், உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரில் நனைத்த தூளை நம்புவதற்கில்லை.

இக்குறைகளை நீக்கக் கோயமுத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துப் பரப்பிய முறை எளியது. சிப்பிக் காளானின் வித்தைக் கொண்டு தூளை மக்கச் செய்வதே அது. ஒரு டன் நார்த்தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஒன்றரைக் கிலோ காளான் வித்தும் வேண்டும். வித்து 300 கிராம் வீதம் ஐந்து புட்டிகளாக வரும். நிழலான மேட்டு நிலத்தில் ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்துக்கு நூறு கிலோ தூளைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னும் நூறு கிலோ தூள் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறு வித்தும் யூரியாவும் மாறி மாறி வரும்படி பத்து அடுக்குகள் எழுப்பினால் குவியல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரும். நீர் தெளித்து ஈரம் காத்து வந்தால் காளான் நூலிழைகள் தூளுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடி, மரப்பொருளாகிய லிக்னினைக் கரைத்து உண்ணும். லிக்னினைத் தின்ன வல்ல உயிர்கள் உலகில் மிகச் சில. காளான் அவற்றுள் தலையாயது. ஆகையால்தான் சாணத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தும் நார்த்தூள் மக்கவில்லை என்று சிலர் கைவிட்டனர்.

ஒரு மாதம் முதல் இரண்டு மாதத்துக்குள் தூள் கறுத்து, பருமன் சுருங்கி, எடையில் பத்தில் நான்கு பங்கு குறைந்துவிடும். கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112இலிருந்து சுமார் 24ஆக இறங்கும். இத்தகைய கணக்கைச் சோதனைச்சாலை சொல்லும். தோட்டத்தில் நிற்பவர் கையால் அறியும் அடையாளங்களும் உண்டு. குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருத்தல் கூடாது. முகர்ந்தால் முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனை வீச வேண்டும். பிழிந்தால் சொட்டும் நீர் செந்நிறமாக இருத்தல் கூடாது. இம்மூன்றும் தேறாவிடில் இன்னும் பதினைந்து நாள் பொறுப்பதே விவேகம்.

கயிறு வாரியத்தார் ஆலப்புழையை அடுத்த கலவூர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்த பித்பிளஸ் என்ற வித்துக் கலவையும் இதே காரியத்துக்குப் பயன்படுகிறது. எந்த வித்தாயினும் புதியதாக இருப்பது முக்கியம்.

நார்த்தூளின் சிறப்பு நீரைப் பிடித்து வைப்பது. தன் எடையைப்போல் ஐந்து மடங்கிலிருந்து எட்டு மடங்கு வரை நீரை அது தாங்கும். நீர்ப்பஞ்சமுள்ள வத்தல்மலை போன்ற இடங்களில் இது பெரும் பேறு. ஆனால் இதே சிறப்பு நாற்றங்காலில் பகையாகவும் மாறும். மண் பைக்கு நீர் தெளித்துப் பழகிய கை, அதே அளவு நீரை நார்த்தூள் பைக்கும் தெளித்தால், நாற்றின் கழுத்துப் பகுதி கறுத்து அழுகிச் சாய்ந்துவிடும். கழுத்தழுகல் நோய் பூஞ்சணத்தால் வருவது. அதற்கு வழிவிடுவது தேங்கிய ஈரம். மேற்பரப்பு காய்ந்து தோன்றினும் உள்ளே ஈரமிருப்பது இத்தூளின் இயல்பாதலால், விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்த பிறகே நீர் தெளிக்க வேண்டும். பையின் அடியிலும் பக்கத்திலும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். இந்த ஒரு பழக்கத்தை நாற்றங்கால் வேலை செய்யும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் கலவையை மட்டும் மாற்றுவது, மாட்டை மாற்றிவிட்டுக் கறப்பவருக்குச் சொல்லாமல் விடுவது போன்றது.

கலவையின் அளவைப் பற்றி நம் அபிப்பிராயத்தைக் கேட்பவருக்குச் சொல்வது இதுதான். காட்டு மண்ணை முழுவதும் நீக்கிவிட்டு ஒரே ஆண்டில் எல்லாப் பைகளையும் நார்த்தூளால் நிரப்ப வேண்டாம். ஆறு பங்கு காட்டு மண்ணில் மூன்று பங்கை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மூன்று பங்கு மக்கிய நார்த்தூளை இட்டு, எருவையும் மணலையும் முன்போலவே வைத்து, நூறு பைகள் நிரப்பிப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய கலவையில் நூறு பைகள் இருக்கட்டும். நடவுக் காலத்தில் பத்துப் பத்துப் பைகளைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்த்தால் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்க வேர்கள் அடர்ந்து, ஆணிவேர் நேராக இறங்கியிருந்தால் மறு ஆண்டு துணிந்து கூட்டலாம். நார்த்தூளில் உணவுச்சத்து குறைவு என்பதை மறத்தல் ஆகாது. நாற்று வெளிறினால் 20 கிராம் யூரியாவை நாலரை லிட்டர் நீரில் கரைத்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் நெருக்கி அடுக்கிய பைகளுக்குத் தெளிப்பது தோட்டங்களில் உள்ள வழக்கம். சாணக் கரைசலும் நன்று.

எடையிலும் ஆதாயம் உண்டு. வாகனம் போகாத சரிவுகளில் பைகளைத் தலையில் சுமந்து நடவுக் குழிக்குக் கொண்டு செல்பவரின் கழுத்தைக் கேட்டால் அந்த ஆதாயத்தின் மதிப்புத் தெரியும். பிரேசில் நாட்டார் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய பையை விட்டுவிட்டு, 120 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு குழல்களில், மண்ணே சேராத கலவையில் காப்பி நாற்றை வளர்க்கின்றனர். மரப்பட்டைத் தூள், கருக்கிய நெல் உமி முதலிய ஆலைக் கழிவுகள் அவர்களிடம் இக்காரியத்துக்குச் சோதிக்கப்பட்டுள்ளன. நெல் அரைவை ஆலைகள் நிறைந்த நம் நாட்டிலும் உமியைச் சாம்பலாகும் முன் அணைத்துக் கரியாக்கி, மணலுக்குப் பதிலாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

சர்க்கரை ஆலையும் சவ்வரிசி ஆலையும்

நம் மாவட்டத்தில் பாலக்கோட்டிலும், அரூர்ப் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிறுவப்பட்டன. பின்னது, பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு மறைந்த தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவின் பெயர் தாங்கியது. நூறு டன் கரும்பு அரைத்தால் மூன்று நான்கு டன் பிரஸ்மட் என்னும் வடிகட்டிய சேறு மிஞ்சும். இதில் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நன்றாக உள்ளன. ஆனால் புதுச் சேறு கொதிக்கும். அதாவது புளித்துச் சூடேறும். மூன்று மாதமாவது குவித்துக் கிளறி ஆறவிட்டு, தொழுஎருவுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்ப்பதே சரி. காப்பிக்குச் சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்தான் உகந்தது. கார அமில அளவில் 6 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு மிகுந்த பொருளைக் கூடுதலாகக் கொட்டினால் அந்நிலை மாறிவிடும். கரும்பு குறைந்த பருவங்களில் ஆலை அரைவை தடைப்படுவதும் உண்டாகையால் இதை மட்டும் நம்பித் திட்டமிட இயலாது.

சவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பியைப் பற்றியும் சிலர் கேட்கக் கூடும். அதை மாட்டுக்குப் போடுங்கள்; மாடு போடும் சாணத்தை நாற்றுக்குப் போடுங்கள். மாட்டின் வயிற்றைவிடச் சிறந்த எருக்குழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நெசவாளர் கவனத்துக்கு

இதுவரை சொன்னவை செடியிலிருந்து வந்து, செடியாகவே இருந்து, மக்கி மண்ணாகும் கழிவுகள். நூல் ஆலையில் பஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்யும் இடத்தில் விழும் தூசும், விதைத் துணுக்கும், இலைச் சருகும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தால் நல்ல எருவாகும். தறியில் பாவுக்கு இடும் கஞ்சியின் கழிவுநீரும் எருக்குழிக்குக் கேடு செய்யாது. பட்டறையில் விழும் சாயமேறாத பருத்தி நூல் துண்டுகளையும் குழியில் இடலாம்.

சாயம் ஏறிய பிறகு கதை வேறு. சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுத் தெளியவைக்கும்போது அடியில் தங்கும் சேறு, காய்ந்தபின் பார்ப்பதற்கு நல்ல வண்டல் மண்ணைப்போலவே இருக்கும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதில் இருப்பதோ சாயத்தின் எச்சம், மிகுதியான உப்பு, நிறத்தையும் பட்டறையையும் பொறுத்துக் குரோமியம் போன்ற உலோகங்கள். மக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. உலோகம் மக்காது. காளானும் அதைத் தின்னாது. இதை அபாயகரமான கழிவுகளின் பட்டியலில் அரசாங்க விதிகள் சேர்த்துள்ளன. அப்படிப்பட்ட பொருளை எங்கே சேர்க்க வேண்டுமென்று தனி ஏற்பாடுகள் உள்ளன. அங்கே கொண்டு செல்லக் கூலி ஆகும். கூலியை மிச்சப்படுத்த எண்ணுபவருக்கு, மண் வேண்டுமென்று கேட்கும் உழவர் ஒருவர் கிடைத்தால் கொண்டாட்டந்தான். இலவசமாக ஒரு லாரி மண் இறக்குகிறோம் என்று யாரேனும் இனிமையாகப் பேசினால், அந்த மண் எந்த ஆலையின் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல பொருள் தருபவர் எழுதிக் கொடுக்கத் தயங்கமாட்டார்.

அச்சத்தைப் பெரிதுபடுத்துகிறோம் என்று நினைப்பவர் நொய்யலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது. மேலே திருப்பூரின் சாயக்கழிவு ஆற்றில் இறங்கியமையால், சில ஆண்டுகளிலேயே அணை நீர் பாசனத்துக்கு ஆகாததாயிற்று. ஈரோடு, கரூர்ப் பக்கத்து உழவர்கள் தங்கள் வயலுக்கு நீர் வேண்டாமென்று சொல்லும் நிலை ஏற்பட்டது. அணை கட்டியவர்கள் கனவிலும் நினைத்திராத ஒன்று அது. உழவர்கள் வழக்காடினர். இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்நாட்களில் வேலையிழந்தோருள் தறியோடும் நூலோடும் வாழ்ந்தவர் எத்தனை பேர் என்பதை நெசவாளர் அங்கத்தினருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கழிவைக் கண்ட இடத்தில் கொட்டியதால் முதலில் உழவர் நீரை இழந்தனர். பிறகு தொழிலாளர் வேலையை இழந்தனர்.

இங்கே நாம் முன்பு போட்ட கணக்கை மறுபடி எடுத்துக் கொள்ள வேண்டும். ஏக்கருக்கு ஒன்றரை டன் மண் பைகளில் மலையேறுகிறது என்றோம். பையைக் கிழித்துச் செடியை நடும்போது அம்மண் குழியிலேயே தங்கிவிடும். திரும்ப எடுக்க வழியில்லை. கெட்ட கழிவை அதில் கலந்திருந்தால், அக்கழிவை நாமே தலையில் சுமந்து ஊற்றின் தலைமாட்டில் கொண்டுபோய்ப் புதைத்தவர்களாவோம். சேர்வராயன் மலையில் புதைத்தது தொப்பையாற்றில் இறங்க வேறு எவர் உதவியும் வேண்டுவதில்லை. மழை போதும்.

மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயல் மண்ணில் சிறிதளவு இட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் உண்டுதான். ஆனால் சாம்பலில் போரான் போன்றவை மிகுந்திருக்கும். கூடவே உலோகங்களும் இருக்கும். சிறு பைக்குள் அடைபட்ட நாற்று அவற்றை விட்டு விலகி வேரோட இடமில்லை. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அது நன்றாகப் பயன்படுகையில் காப்பி நாற்றில் பரீட்சை செய்வானேன்? மேட்டூரில் அலுமினிய ஆலை நடந்த காலத்தில் சேர்வராயன் மலையின் பாக்ஸைட் கல்லே அங்கே சென்றது. அக்கல்லைக் கரைத்தபின் எஞ்சும் செஞ்சேறு கடுங்காரமானது. பார்வைக்குச் செம்மண்ணாயினும் அதில் எந்த நாற்றும் பிழைக்காது. நிறத்தைக் கண்டு மண்ணை மதிப்பிடும் பழக்கம் ஆலைக் கழிவின் விஷயத்தில் உதவாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எந்தப் பொருளாயினும் பைக்குள் போகுமுன் இரண்டு சோதனைகள் செய்வது நலம். முதலாவதற்குக் காசு வேண்டாம். இரண்டு சட்டிகள் எடுத்து, ஒன்றில் நாம் நம்பும் தோட்ட மண்ணும் மற்றொன்றில் புதிய கலவையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஐம்பது பச்சைப்பயறு விதைக்க வேண்டும். பத்து நாளில் எத்தனை முளைத்தன, வேர் வெள்ளையாக நீண்டதா, பழுத்து முடங்கியதா என்று பிடுங்கிப் பார்த்தால் உப்பும் துவர்ப்பும் உடனே தெரிந்துவிடும். ஆனால் உலோகம் இதில் தெரியாது. ஆகவே மூலம் தெரியாத பொருளை முளைத்துவிட்டது என்பதற்காக ஏற்றுக்கொள்ளுதல் கூடாது. இரண்டாவது, கார அமில நிலையையும் மின்கடத்துத் திறனையும் அளக்கும் சோதனை. மின்கடத்துத் திறன் என்பது உப்பின் அளவைக் காட்டுவது. இதற்கு மண் பரிசோதனை நிலையங்கள் உள்ளன. ஆலோசனைக்குப் பாப்பாரப்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் நிலையமும், ஏற்காட்டில் அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன.

இவ்வளவையும் தனி ஒருவர் செய்வது அலுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு டன் தூளை மக்கவைத்தால் கிடைக்கும் உரம் சில ஏக்கருக்கான பைகளுக்குப் போதும். அரை ஏக்கர் காப்பி வைத்திருப்பவர் ஒரு டன் வாங்கி என்ன செய்வார்? அவர் வாங்கவும் மாட்டார். பழையபடி மண்வெட்டியோடு காட்டுக்குள் போவார். அங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ஒரே இடத்தில் குவியல், ஒரே தடவை பரிசோதனை, வித்துக்கு ஒரே கடிதம். மக்கிய உரத்தை அங்கத்தினருக்குச் சாக்குக் கணக்கில் பிரித்துக் கொடுக்கலாம். இன்னும் ஒரு படி சென்று நாற்றையே வளர்த்துக் கொடுக்கலாம். குவியலுக்கு வரும் ஒவ்வொரு லாரிச் சுமைக்கும் வந்த ஆலையின் பெயர், தேதி, பரிசோதனை முடிவு ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதி வைப்பது சங்கச் செயலாளரின் பொறுப்பாக இருத்தல் வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு தோட்டத்தில் செடி பட்டுப்போனால் காரணம் தேட அந்த ஏடு ஒன்றே துணை நிற்கும்.

காலத்தையும் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். தையில் விதைத்த காப்பி மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் பைக்கு வரும். அதற்குள் உரம் ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டுமாயின், கார்த்திகை பிறப்பதற்குள் குவியல் எழும்பிவிட வேண்டும். ஐப்பசி அடைமழை அப்போதுதான் பெய்து கொண்டிருக்கும். மழைநீர் ஓடினால் வித்தும் யூரியாவும் கரைந்து போகும். எனவே குவியலுக்குமுன் கூரை. நான்கு கால் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை போதும். புரட்டாசியில் அதைப் போட்டு முடித்து, அதே மாதத்தில் காளான் வித்துக்கு எழுதிவிடுவது நல்லது. வித்து வந்து சேர்ந்தபின் வெயிலில் வைக்காமல் சீக்கிரமே பயன்படுத்திவிட வேண்டும்.